புகையை அளப்பவருக்குக் கூலி கொடுப்பது யார்?

டெல்லியின் வாகனப் புகைச் சோதனை மையங்கள் 2015 முதல் 2020 வரை கணினியில் பதிந்துவைத்த விவரங்களைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய்ந்து தந்த அறிக்கை, 2025 ஏப்ரலில் டெல்லி சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. கார்பன் மோனாக்சைடோ ஹைட்ரோகார்பனோ அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது என்று கருவியே காட்டிய பிறகும், 1.08 லட்சம் வாகனங்களுக்கு மாசு கட்டுக்குள் இருப்பதாகச் சான்றிதழ் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரே மையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சோதிக்கப்பட்டதாக 7,643 பதிவுகள் இருக்கின்றன. 76,865 முறை சோதனையும் சான்றிதழும் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கின்றன. காற்று மாசைப் பற்றி நாட்டிலேயே அதிகம் பேசப்படுகிற நகரம் அது. 1985இல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கு முதல் உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்பிலேயே இருந்துவருவதும்கூட. அங்கேயே இந்த நிலை என்றால், கேட்பாரற்ற மற்ற ஊர்களில் சோதனை ஒழுங்காக நடக்கிறது என்று நம்புவதற்குக் காரணமே இல்லை.

சட்டத்தில் குறை இருப்பதால் இப்படி நடக்கிறது என்று சொல்ல முடியாது. பதிவுசெய்த நாளிலிருந்து ஓராண்டு கழிந்த ஒவ்வொரு மோட்டார் வாகனமும் புகைச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115ஆவது விதி. பழைய வண்டிகளுக்கு இந்தச் சான்றிதழ் ஆறு மாதம் செல்லும், பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.) என்ற புகைத் தர வரிசையில் பி.எஸ்.4, அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு ஓராண்டு. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம் என்கிறது. இவ்வளவு கடுமையான விதிகள் இருந்தும், பெரும்பாலான வண்டிக்காரர்களுக்குப் புகைச் சோதனை என்பது போலீஸ் மறிக்கும்போது காட்டுவதற்கான ஒரு காகிதமாகவே தங்கிவிட்டது. மக்களின் அலட்சியம், அதிகாரிகளின் மெத்தனம், கருவிகளின் தரம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு காரணம் இருக்கிறது: சோதிக்கிறவரின் வருமானம் சோதிக்கப்படுகிறவரின் பையிலிருந்து வருகிறது. அதை மாற்றாமல் அபராதத்தை எத்தனை மடங்கு உயர்த்தினாலும் காற்று மாறாது.

ஒரு வண்டியை ஒழுங்காகச் சோதிக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்த்தால், அது எங்கே நழுவுகிறது என்பதும் தெரிந்துவிடும். பெட்ரோல் வண்டி என்றால் முதலில் என்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். சைலன்சரில் ஓட்டை இருக்கக் கூடாது. கருவியின் உறிஞ்சுகுழாயைச் சைலன்சருக்குள் முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செருக வேண்டும். அரைகுறையாகச் செருகினால் வெளிக்காற்று கலந்து, மோசமான வண்டிகூட நல்ல எண்ணைக் காட்டும். வண்டி ஐடிலிங்கில் ஓடும்போது எண்கள் நிலைக்கும்வரை காத்திருந்து கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் குறிக்க வேண்டும். பி.எஸ்.4 கார் என்றால் அதோடு முடியாது. என்ஜினை நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்றுக்கு ஏற்றி, காற்றும் எரிபொருளும் சரியான விகிதத்தில் கலக்கின்றனவா, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். டீசல் வண்டியில் கியரை நியூட்ரலில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து விடுவதைத் திரும்பத் திரும்பச் செய்து, வெளிவரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று அளந்து சராசரி எடுக்க வேண்டும். கருவியையும் தரமறிந்த வாயுவைச் செலுத்தி அவ்வப்போது சரிபார்த்தாக வேண்டும். இத்தனையையும் ஒரு நிமிடத்தில் யாராலும் செய்ய முடியாது. ஒரு நிமிடத்தில் செய்ய முடிவதெல்லாம் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து, பிரிண்டரில் காகிதம் வரவழைப்பதுதான்.

பெட்ரோல் பங்கின் ஓரத்திலோ சாலையோரக் கடையிலோ கருவியோடு உட்கார்ந்திருப்பவரைக் குற்றவாளியாகப் பார்ப்பது எளிது. அவருடைய கணக்கையும் பார்க்க வேண்டும். டெல்லியில் இருசக்கர வாகனத்துக்கு 60 ரூபாய், பெட்ரோல் காருக்கு 80 ரூபாய், டீசல் வண்டிக்கு 100 ரூபாய் என்று 2011இல் வைத்த கட்டணம் 2024 வரை மாறவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் அதை 80, 110, 140 ரூபாய் என்று உயர்த்தியபோது, இது ஆள்கூலிக்கும் கருவிப் பராமரிப்புக்கும் கட்டாது என்று சொல்லி பங்க் உரிமையாளர்கள் சோதனை மையங்களை மூடிப் போராடினார்கள். இப்படிப்பட்ட கட்டணத்தில் தொழில் நடத்துபவர் எண்ணிக்கையை நம்பித்தான் பிழைக்க முடியும். வண்டிக்குப் பதினைந்து நிமிடம் செலவழித்து, அதில் சிலவற்றைத் தேறவில்லை என்று திருப்பி அனுப்பினால், அந்த மையத்துக்கு அடுத்த மாதம் யார் வருவார்கள்? எதிர்ப்பக்கத்து மையத்தில் கேள்வி கேட்காமல் சான்றிதழ் தருகிறார்கள் என்ற செய்தி ஆட்டோ ஸ்டாண்டுக்கும் லாரி செட்டுக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடும். நேர்மையாக அளப்பவர் நஷ்டப்பட்டு ஒதுங்க, அளக்காதவர் நிலைப்பார். மாணவர்களே விடைத்தாள் திருத்துபவரைத் தேர்ந்தெடுத்துச் சம்பளமும் கொடுக்கும் பள்ளியில் யாரும் தோற்கமாட்டார்கள். நம்முடைய புகைச் சோதனை அந்தப் பள்ளியைப் போலத்தான் அமைந்திருக்கிறது.

இது ஊகம் அல்ல. இந்தியாவிலேயே செய்து பார்த்து மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. குஜராத்தில் தொழிற்சாலைகளின் மாசை அளந்து அறிக்கை தரத் தனியார் தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுப்பவர்கள் அந்தத் தொழிற்சாலைக்காரர்களாகவே இருந்தார்கள். எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயான் ஆகிய பொருளியலாளர்கள், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் சேர்ந்து 2009 முதல் 2011 வரை அகமதாபாத், சூரத் வட்டாரங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பழைய முறையில் வந்த அறிக்கைகளில் மாசு அளவுகள் அனுமதி எல்லைக்குச் சற்றுக் கீழேயே குவிந்து கிடந்தன. ஆய்வுக்காக எடுத்துக்கொண்ட ஆலைகளில் மூன்று மாற்றங்கள் செய்யப்பட்டன. எந்தத் தணிக்கையாளர் எந்த ஆலைக்குப் போவது என்பது குலுக்கலில் முடிவானது. அவருக்கான கூலி பொது நிதியிலிருந்து ஒரே தொகையாக வழங்கப்பட்டது. அவர் அளந்ததை வேறொரு குழு திடீரென்று போய் மறுபடி அளந்து பார்த்தது. விளைவு, எல்லை மீறிய ஆலையை ஒழுங்கானது என்று பொய்யாக எழுதுவது 80 விழுக்காடு குறைந்தது. அதைவிட முக்கியமான செய்தி, அந்த ஆலைகள் வெளியிட்ட மாசும் குறைந்தது. அதே ஊர், அதே தொழில், அதே தணிக்கையாளர்கள். கூலி வரும் வழி மாறியதும் எழுதும் எண்ணும் மாறிவிட்டது. 2015இல் குஜராத் வாரியம் குலுக்கல் முறையைத் தன் நடைமுறையாகவே ஏற்றுக்கொண்டது.

சோதனையையும் பழுதுபார்ப்பையும் பிரித்துவிட்டால் போதும் என்று நினைத்தவர்களுக்கு மெக்சிகோ நகரம் ஒரு பாடம். அங்கே 1990களில் சிறிய ஒர்க்‌ஷாப்புகளிடமிருந்து புகைச் சோதனையைப் பறித்து, சோதனை மட்டுமே செய்யும் பெரிய மையங்களிடம் கொடுத்தார்கள். நிலைமை ஓரளவு மேம்பட்டது. ஆனால், அந்த மையங்களும் வாடிக்கையாளரின் கட்டணத்தில்தான் ஓடின. பவுலினா ஒலிவா என்ற பொருளியலாளர் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழைய கார் வைத்திருந்தவர்களில் குறைந்தது 9.6 விழுக்காட்டினர் லஞ்சம் கொடுத்துச் சோதனையிலிருந்து தப்பியிருந்தார்கள். தேறாத காருக்குப் பதிலாக, தேறக்கூடிய இன்னொரு காரின் புகையை அளந்து பதிவதுதான் அங்கே கையாளப்பட்ட வழி. அடுத்தடுத்த சோதனைகளின் எண்கள் இயல்புக்கு மாறாக ஒத்துப்போனதை வைத்தே அவர் இதைக் கண்டுபிடித்தார். ஆகவே, இடத்தை மாற்றுவது முதல் படி மட்டுமே. பணம் வரும் பாதை, மறுசோதனை, பதிவான எண்களை ஆராய்வது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் சோதனை உயிர்பெறும்.

சோதிப்பவருக்குச் சோதனையின் முடிவில் சொந்த ஆதாயம் இருக்கக் கூடாது என்ற கொள்கையை நம் சட்டம் ஏற்கெனவே பாதி ஒப்புக்கொண்டிருக்கிறது. வண்டியின் தகுதியைச் சான்றளிக்கும் எஃப்.சி. சோதனைக்காக 2021இல் வகுக்கப்பட்ட தானியங்கிச் சோதனை நிலைய விதிகள், அந்த நிலையங்கள் வண்டி விற்பனை, பழுதுபார்ப்பு, உதிரிபாகத் தொழில் எதிலும் ஈடுபடக் கூடாது என்கின்றன. அதே ஆண்டு நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான புகைச் சான்றிதழ் வந்தபோது, தேறாத வண்டிக்கு நிராகரிப்புச் சீட்டு கொடுக்கும் ஏற்பாடும் முதல்முறையாக வந்தது. தேறாமல் போவதும் சோதனையின் இயல்பான முடிவுதான் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. எஞ்சியது கூலியைப் பிரிப்பதுதான். சோதனைக் கட்டணத்தை வண்டிக்காரர் மையத்தில் செலுத்தாமல் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் செலுத்தட்டும். பக்கத்திலுள்ள மையங்களில் ஒன்றைக் கணினியே குலுக்கிப் போட்டுத் தரட்டும். வண்டி தேறினாலும் தேறாவிட்டாலும் மையத்துக்கு ஒரே தொகை பொது நிதியிலிருந்து போகட்டும். அந்தத் தொகை கருவிக்கும் ஆளுக்கும் கட்டுப்படியாகிற அளவில் இருக்கட்டும். சான்றிதழ் வாங்கிய வண்டிகளில் ஒரு பங்கைச் சாலையில் நிறுத்தி வேறு குழு மறுபடி அளக்கட்டும். இரண்டு எண்களும் ஒத்துப்போகும் மையத்துக்கு ஊக்கத்தொகையும், தொடர்ந்து முரண்படும் மையத்துக்கு உரிமம் ரத்தும் என்று வைத்தால், உண்மையை எழுதுவது லாபகரமான தொழிலாகும்.

இதைச் செய்யாமல் சான்றிதழுக்கான கட்டாயத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. புகைச் சான்றிதழ் இல்லாத வண்டிக்கு இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் உத்தரவிட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால், காப்பீடு இல்லாத வண்டிகள் பெருகினால் விபத்தில் சிக்கியவர்களுக்கு இழப்பீடு கிடைக்காமல் போகும் என்ற வாதத்தை ஏற்று, 2024 ஜூலையில் அந்த நிபந்தனையை நீதிமன்றமே விலக்கிக்கொண்டது. சான்றிதழ் இல்லாவிட்டால் பெட்ரோல் இல்லை என்பது டெல்லியில் 2025 டிசம்பரில் எடுக்கப்பட்ட அடுத்த நடவடிக்கை. இவை எல்லாம் சான்றிதழுக்கான தேவையைக் கூட்டும் வழிகள். சான்றிதழ் சொல்வது உண்மையா என்ற கேள்வியை இவற்றில் எதுவும் தொடவில்லை. காகிதத்தின் தேவை கூடி, சோதனையின் தரம் கூடாமல் இருந்தால், வேகமாகக் காகிதம் தருபவருக்குத்தான் வியாபாரம் பெருகும்.

கேமராவும் செயலியும் வந்துவிட்டால் மோசடி நின்றுவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மையம் இருக்கும் இடத்தை ஜி.பி.எஸ். மூலம் உறுதிசெய்வதும் சோதனையை வீடியோ எடுப்பதும் தேவையான ஏற்பாடுகளே. வண்டியே வராமல் சான்றிதழ் தரும் அப்பட்டமான மோசடியை அவை தடுக்கும். ஆனால், உறிஞ்சுகுழாய் எவ்வளவு ஆழம் போனது, என்ஜின் சூடேறியிருந்ததா, கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்பதை எல்லாம் அந்த வீடியோ சொல்லாது. மேலும், டெல்லி மையங்களின் குளறுபடி வெளிப்பட்டது எப்படி என்று நினைத்துப் பார்க்க வேண்டும். எல்லை மீறிய எண்களும் ஒரு நிமிடச் சோதனைகளும் ஆண்டுக்கணக்கில் கணினியில் பதிவாகிக்கொண்டுதான் இருந்தன. கணினி மறைக்கவில்லை, பார்ப்பதற்குத்தான் பொறுப்பான ஆள் இல்லை. பார்க்கவும் கேட்கவும் கடமைப்பட்ட ஒருவர் இல்லாத இடத்தில் தொழில்நுட்பம் பதிவேட்டைத்தான் தடிமனாக்கும்.

சோதனையை இறுக்கினால் அடிபடுவது ஏழைகள்தான் என்ற மறுப்பை விரைவாகக் கடந்துபோகக் கூடாது. பழைய டூ வீலரில் காய்கறிக் கூடையைக் கட்டிக்கொண்டு போகிறவர், தவணை கட்டி ஆட்டோ ஓட்டுகிறவர், குட்டியானை வண்டியில் சரக்கேற்றுகிறவர் ஆகியோரின் பிழைப்பு வண்டியில்தான் இருக்கிறது. ஆனால், விதி அவர்களிடம் புதிய காரின் தூய்மையைக் கேட்கவில்லை. 2000ஆம் ஆண்டுக்கு முந்தைய இருசக்கர, மூன்று சக்கர வாகனத்துக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 விழுக்காடு வரை அனுமதி, பி.எஸ்.4 காருக்கு 0.3 விழுக்காடுதான். தயாரிக்கப்பட்ட காலத்துக்குரிய அளவுக்குள் வண்டி இருக்கிறதா என்பதே கேள்வி. சாலையோரத்தில் நின்று ஓடும் வண்டிகளின் புகையை ஒளிக்கதிரால் அளக்கும் முறையை 1980களில் டென்வர் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்டெட்மன் குழு உருவாக்கியது முதல், பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட ஓர் உண்மை உண்டு: மொத்தப் புகையில் பெரும்பங்கு மிகச் சில வண்டிகளிலிருந்தே வருகிறது. நேர்மையான சோதனையில் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். சிக்குபவர்கள் அந்தச் சிலரே. அவர்களிலும் பலருக்கு ஏர் ஃபில்ட்டரை மாற்றுவது, கார்பரேட்டரைச் சுத்தம்செய்வது, இன்ஜக்டரைச் சர்வீஸ் செய்வது போன்ற வேலைகளே போதும், மைலேஜும் கூடும். அதற்குமேல் செலவாகும் ஏழை ஓட்டுநருக்கு, பழைய வண்டிகளிடம் வசூலிக்கும் பசுமை வரியிலிருந்து உதவலாம். பழுதுபார்த்த பிறகு மறுசோதனையை இலவசமாக்கலாம். இன்று அரசு அவருக்குத் தருவது பொய்ச் சான்றிதழ். அதே புகையை நாள் முழுவதும் சிக்னலில் நின்றும், பேருந்து நிறுத்தத்தில் பூ விற்றும் சுவாசிப்பவர்களும் ஏழைகள்தான். டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்ததை, அவர்கள் பக்கம் நின்று படிக்க வேண்டும்.

புதிய வண்டிகள் தூய்மையானவை, மின்வாகனங்களும் வருகின்றன, ஆகவே புகைச் சோதனைக்கே இனி வேலை இல்லை என்பது இன்னொரு வாதம். பி.எஸ்.5 படியைத் தாண்டி 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ்.6க்குப் போனது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. டெல்லியிலும் குருகிராமிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகளைச் சாலையிலேயே எடுத்த தூய போக்குவரத்துக்கான பன்னாட்டுக் குழு, பி.எஸ்.4ஐவிட பி.எஸ்.6 தனியார் கார்களில் நைட்ரஜன் ஆக்சைடு 81 விழுக்காடும் பேருந்துகளில் 95 விழுக்காடும் குறைந்திருப்பதாக 2024இல் சொன்னது. அதே ஆய்வு, சி.என்.ஜி.யில் ஓடும் ஒரு வகைச் சரக்கு வண்டிகள் ஆய்வகச் சோதனைக்கு விதித்த அளவைப்போல 14.2 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடைக் கக்குவதையும் காட்டியது. ஆனால், நம் புகைச் சோதனை நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை; நுண்துகளையும் எண்ணுவதில்லை. அளக்காத ஒன்றைக் கட்டுப்படுத்த முடியாது. ஆய்வகத்தில் தேறிய வண்டி சாலையிலும் தேறும் என்று நம்பக் கூடாது என்பதை ஃபோக்ஸ்வாகன் விவகாரம் உலகத்துக்கே கற்பித்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளவுக்கருவியைக் காரிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டிப் பார்த்ததால்தான் வேறுபாடு தெரிந்தது. சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருள் உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி கார்களில் இருந்தது 2015இல் அம்பலமானது. பெரிய நிறுவனமே சோதனையை ஏமாற்றத் துணிந்த காலத்தில், சோதனை தேவையில்லை என்பது பொருத்தமற்ற முடிவு. சோதனை காலத்துக்கேற்ப மாற வேண்டும் என்பதே சரியான முடிவு. கொல்கத்தாவில் நெடுநாளாகப் பயன்படும் சாலையோரத் தொலையுணர்வுக் கருவிகளைப் பெருநகரங்களில் நிறுவினால், அதிகப் புகை விடும் வண்டிகளை ஓட்டத்திலேயே கண்டுபிடித்து முழுச் சோதனைக்கு அழைக்கலாம். ஒழுங்கான வண்டிக்காரருக்கு அலைச்சலும் குறையும்.

சாலைத் தூசும் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் இதைவிட அதிகம் மாசுபடுத்தும்போது வண்டிக்காரரை மட்டும் ஏன் துரத்த வேண்டும் என்று கேட்பதும் நியாயமே. அவற்றையும் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். ஆனால், மின்நிலையத்தின் புகைபோக்கி வானத்தில் இருக்கிறது. பேருந்தின் புகைக்குழாய், அதன் பின்னால் இருசக்கர வாகனத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகத்துக்கு நேரே இருக்கிறது. எவ்வளவு டன் மாசு என்ற கணக்கோடு, எவ்வளவு நெருக்கத்தில் அது மனிதரை அடைகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வாகனப் புகை பின்னால் தள்ளிவைக்க வேண்டிய விஷயம் அல்ல. தவிரவும், குஜராத் ஆய்வு ஆலைப் புகை பற்றியது என்பதை மறந்துவிடக் கூடாது. அளப்பவரின் கூலியை அளக்கப்படுபவரிடமிருந்து பிரிக்கும் முறையை வாகனங்களில் பழகிவிட்டால், ஆலைகளுக்கும் அதையே கேட்கும் உரிமை மக்களுக்கு வரும்.

தமிழ்நாட்டில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட வாகனங்கள் பதிவாகியிருக்கின்றன. இருசக்கர வாகனங்களே அவற்றில் பெரும்பகுதி. சோதனை மையங்களுக்கு உரிமம் தருவதும் கட்டணத்தை முடிவுசெய்வதும் மாநில அரசின் கையில் இருப்பதால், கூலியைப் பிரிக்க மத்திய அரசின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சென்னையிலோ கோவையிலோ ஓராண்டு இந்த முறையைச் செயல்படுத்திப் பார்க்கலாம்: ஒரு பகுதி மையங்கள் பழைய முறையில் இயங்கட்டும், மற்றவை பொது நிதிக் கூலியிலும் குலுக்கல் ஒதுக்கீட்டிலும் மறுசோதனையின் கீழும் இயங்கட்டும். இரு பக்கமும் எத்தனை வண்டிகள் தேறவில்லை, மறுசோதனையில் எத்தனை எண்கள் பொய்த்தன என்பதை மையவாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். நூறு வண்டிகளைச் சோதித்து நூறையும் தேற்றிவிடும் மையம்தான் அரசின் முதல் சந்தேகத்துக்கு உரியது என்ற பார்வை போக்குவரத்துத் துறைக்கு வர வேண்டும். புகைச் சான்றிதழுக்காக மக்கள் ஏற்கெனவே பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது உண்மையான ஓர் அளவு. அதைத் தருவதற்கான வழியும் அதிகாரமும் அரசிடம் இருக்கும்போது, இனியும் காகிதத்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.